ஏழு வயதுப் பதிவு

நான்கு பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் ஒரே பெயரில் ஒரு சிறுமி இருந்தாள். நான்கிலும் வயது ஏழு. கணினியோ அந்தப் பதிவுகளை இணைக்க மறுத்தது. பதிவுகளை இணைக்கும் வேலையில் இருந்தவளுக்கும் வழி தெரியவில்லை.

ஒருவரின் பதிவுகளை இணைப்பது எளிய வேலைதான். பெயரும் பெற்றோரும் பொருந்த வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதால் வயதும் பத்து கூடியிருக்க வேண்டும். ஓரிரண்டு முன்பின் இருந்தால் பரவாயில்லை, பலரும் வயதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். முகவரியை மட்டும் சேர்ப்பதே இல்லை, மக்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்தச் சிறுமிக்கு ஒவ்வொரு முறையும் பெற்றோரே வேறு.

"நாலு பேருக்கு ஒரே பேரு, அவ்வளவுதான். சும்மா மண்டையை உடைச்சுக்காதீங்கக்கா," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

அப்போது கணவன் அழைத்தான். அவர்களும் ஒரே மகனும் போன மாதம்தான் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள்.

"நம்ம வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தாங்க. மூணு பேருன்னு சொல்லிட்டேன். நீ, நான், நம்ம பொண்ணு."

"பொண்ணா? விளையாடாதீங்க. பையன் எங்க?"

"எந்தப் பையன்?" என்று சிரித்தான். "உனக்கு வேலைப் பைத்தியம் முத்திப்போச்சு. இரு, பாப்பா பேசணுமாம்."

"அவளுக்கு வயசு என்ன சொன்னீங்க?"

"என்ன கேள்வி இது? ஏழுதான்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, தேடலில் இருந்த பெற்றோரையும் வயதையும் நீக்கினாள். தன் புது வீட்டு முகவரியை மட்டும் இட்டாள். நான்கு பதிவுகளும் இணைந்தன.