தில்ஷாத் பேர்ல முப்பதாயிரம்

"எங்க, இன்னொரு தரம் சொல்லு பாக்கலாம்."

"போன வருஷம்தான் மஹர் குடுத்தாரு. அத வாங்கி கம்பெனியில டெபாசிட் போட்டேன்."

"அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத. எதுனா உளறி வெச்சே, ரெண்டாயிரம் ரூபா வரி போய்டும்!"

பேரணாம்பட்டில் பஸ் ஏறியதிலிருந்து இது நாலாவது ஒத்திகை. தில்ஷாத் ஒழுங்காகத்தான் சொன்னாள். அப்துல் வஹீதுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மண்டிக்கு வரும் தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிற மனுஷர், பொண்டாட்டியை மட்டும் மக்கு என்று முடிவு கட்டி வைத்திருந்தார்.

"ஏங்க, அப்ப நெஜமாவே இது என் பணமா?"

"பேப்பர்ல உன்னுது. அதுக்காகக் கைய நீட்டிடாத, ஆமா!"

விஷயம் இதுதான். வரியை மிச்சம் பிடிக்கலாமே என்று முப்பதாயிரத்தை மனைவி பேரில் டெபாசிட் போட்டிருந்தார் வஹீத். வருமான வரி ஆபீஸ் லேசுப்பட்டதா? 'மனைவிக்கு நீங்கள் சும்மா கொடுத்த பணம். அதன் வட்டியும் உங்கள் வருமானமே' என்று கடுதாசி வந்துவிட்டது.

ஆடிட்டர் ஆதிகேசவன்தான் வழி கண்டுபிடித்தார்.

"பாய், சும்மா குடுத்தாத்தான் உங்க கணக்குல சேரும். கடனைத் தீக்கக் குடுத்தா சேராது. நிக்காஹ்ல பொண்ணுக்கு இவ்ளோ தர்றேன்னு மஹர் எழுதுவீங்களே, குடுத்தாச்சா?"

"இருவத்தஞ்சு சவரன் எழுதுனோம். எங்க குடுத்தேன்? இருவது வருஷமாச்சு. நானும் குடுக்கல, அவளும் கேக்கல."

"சபாஷ்! அப்ப அது கடன்தானே? இன்னிக்கு வெலைக்கு முப்பதாயிரம் சரியா வரும். இந்தப் பணத்த மஹராத்தான் குடுத்தேன்னு எழுதிடலாம். ஆனா ஆபீசர் உங்க வீட்டம்மாவையே நேர்ல கேப்பார், பாத்துக்குங்க."

கடனை அடைக்காமல் விட்டதற்காக உலகத்தில் ஒருத்தர் சந்தோஷப்பட்டார் என்றால், அது அன்றைக்கு வஹீத் பாய்தான்.

வேலூர் ஆபீசில் ஆதிகேசவன் காத்திருந்தார். மூவரும் உள்ளே போனார்கள். ஆபீசர் நிக்காஹ் புத்தகத்தின் நகலைப் புரட்டினார்.

"இருபத்தஞ்சு சவரன். கல்யாணம் அறுபத்திரண்டுல. ஏம்மா, இருபது வருஷமா இவர் இதைக் குடுக்கவே இல்லையா?"

பக்கத்து மேஜை குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு வஹீதை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யாரு சொன்னது?" என்றாள் தில்ஷாத் பட்டென்று. "நிக்காஹ் அன்னிக்கே என் கையில குடுத்துட்டாரு!"

வஹீத் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"சார், அவளுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி..."

"நீங்க இருங்க பாய். அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க இன்னா சார் இருக்கு? மொத்தத்தையும் எண்ணிக் குடுத்தாரு. ஒரு குறையும் வெக்கல."

"அப்ப இந்த முப்பதாயிரம்?"

"அது அவரு சம்பாதிச்ச பணம் சார்."

ஆதிகேசவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபீசர் எழுத ஆரம்பித்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் வரி கட்டியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

வாசலுக்கு வந்ததும் வஹீத் வெடித்தார்.

"அறிவிருக்கா உனக்கு? கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே! ரெண்டாயிரம் தண்டமாப் போச்சே! குடுக்காத மஹர குடுத்துட்டாருன்னு எதுக்குச் சொன்ன?"

ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தில்ஷாத் முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"எங்க அத்தா மௌத்தாகறதுக்கு மொத நாளு, மூச்சு இழுத்துக்கினு கெடக்கச்சே, என் கையப் புடிச்சிக்கினு அதத்தாங்க கேட்டாங்க. 'மாப்ள மஹர் குடுத்துட்டாராம்மா'ன்னு. அவங்ககிட்டயே 'குடுத்துட்டாரு அத்தா'ன்னு சொன்னவ நானு. இந்த ஆபீசர்கிட்டயா உங்கள விட்டுக் குடுப்பேன்?"