ஒட்டுத் தெரியாத இடம்

உதயகலாவின் மானிப்பாய் வீட்டு மேசையில், சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த கைபேசியில் பழைய வானொலி நாடகம் ஒன்று ஓடுகிறது. யன்னல் வெயில் இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே கிடக்கிறது. அந்த நாடகத்தைத் தயாரித்த இருவரும் தலைகுனிந்து கேட்கிறார்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய பிறகு பஸீனா இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. “மூச்செடுக்கிற இடத்திலை ஒலிநாடாவை வெட்டினால் ஒட்டுத் தெரியாது எண்டு நீங்கள்தானே அக்கா படிப்பிச்சனீங்கள்,” என்று உதயகலா சிரிக்கிறாள். பஸீனாவும் சிரிக்கிறாள், நாடா வெட்டும் பிளேட்டைப் பிடிப்பதுபோல் அவள் விரல்கள் தாமாகவே கூடுகின்றன. நாடகம் முடிகிறது. உதயகலாவின் இளம் குரல் “தயாரிப்பு” என்கிறது, மூச்செடுக்கிறது, “உதயகலா” என்கிறது. முதலில் வரவேண்டிய பஸீனாவின் பெயர் இல்லை. கூடியிருந்த விரல்கள் மெல்ல விரிகின்றன. “நாங்கள் போன பிறகோ வெட்டினது?” “ஓம் அக்கா. உங்கடை பேரோடை போடேலாது எண்டு சொல்லிச்சினம்.” “ஆர் வெட்டினது?” உதயகலா கோப்பையின் காதைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். “நான்தான்.” “நல்லா வெட்டியிருக்கிறாய் கலா,” என்கிறாள் பஸீனா. “ஒட்டே தெரியேல்லை. என்ரை பேரைச் சொல்ல எடுத்த மூச்சை மட்டும் வெட்டாமல் விட்டிட்டாய்.”