யோன்னாவின் பங்கு

அன்று தறி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கெர்த்து, ஓய்லி, ராய்மோ, யோன்னா.

நால்வரும் பின்லாந்தின் தம்பெரே ஊரில் ஒரே கட்டிடத்துக்காரர்கள். தறி அறை அதன் அடித்தளத்தில், சலவை அறைக்கு அடுத்து.

மேசைமேல் மூன்று குவியல்கள். இந்த ஒரு வருஷத்தில் வாங்கி, இந்த ஒரு வருஷத்திலேயே வேண்டாமென்று ஒதுக்கிய துணிகள். அவற்றை நாடா நாடாவாகக் கிழித்து, ஆளுக்கொரு பட்டையாக நெய்து, அவரவர் பேர் போட்டு நூலகச் சுவரில் தொங்கவிட வேண்டும். யாருடைய ஆசைக்கு எத்தனை ஆறு வற்றியது, எத்தனை ஆற்றில் சாயம் ஓடியது என்று ஊர் நின்று பார்க்கட்டும்.

யோசனை ஓய்லியுடையது.

கெர்த்துவின் குவியலில் மூன்று துணிகள். ராய்மோவுடையதில் இரண்டு. ஓய்லியுடையதில் ஒன்றே ஒன்று. அதையும் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

யோன்னாவுக்குக் குவியல் இல்லை. வாயைக் கட்டிய இரண்டு பெரிய கறுப்பு மூட்டைகள் தரையில் கிடந்தன.

ராய்மோ மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அத்தனையும் உன்னுதா? சுவர் பத்தாதேம்மா. உன் பட்டை கதவைத் தாண்டிப் போய் பஸ் ஸ்டாப்புல நிக்கும்."

"நிக்கட்டும்," என்றாள் யோன்னா.

ஓய்லி கெர்த்துவின் காதோரம் சாய்ந்தாள். "பாத்தியா கதையை? நகராட்சி குடுக்கற உதவிப் பணத்துல வீடு ஓடுது. பொண்ணு மூணு குளிர்காலமா ஒரே கோட்டைப் போட்டுட்டு அலையுது. அம்மாக்காரிக்கு ரெண்டு மூட்டை!"

கெர்த்துவுக்கு வேறொன்று தெரியும்.

போன வியாழக்கிழமை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்துக் குப்பைக் கொட்டகையில், யோன்னா பாதி உடம்பைத் தொட்டிக்குள் விட்டு ஒரு பையை இழுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையும் அதேதான்.

கேட்டிருக்கலாம். ஆனால் படிக்கட்டில் ஆள் நடமாட்டம் கேட்டால், அது அடங்கும் வரை தன் கதவைத் திறக்காமல் காத்திருப்பதுதான் அந்தக் கட்டிடத்து மரியாதை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நினைத்துக்கொள்வதோடு சரி.

கெர்த்துவும் நினைத்துக்கொண்டாள். எடுத்ததை விற்கிறாளா? உடுத்துகிறாளா? இப்போது மூட்டைகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நூலகத்தில் பட்டைகளின் திறப்பு விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். நீளமான பட்டைக்காரிக்குத்தானே படம்!

ஓய்லி எழுந்தாள். "யோன்னா, நல்லதுக்குத்தான் சொல்றேன். உன் பேரை எடுத்துடலாம். உன் பொண்ணோட வகுப்பையே பார்க்கக் கூட்டிட்டு வராங்க. ஊதாரியோட மகள்னு அதைக் கேலி பண்ணுவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவகிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டா."

கெர்த்து கூட்டத்தில் வாய் திறக்கிறவள் அல்ல. அன்று திறந்தாள். "அது ஒண்ணும் உன்னுது இல்ல. குப்பைத்தொட்டியிலேருந்து எடுத்தே. நான் பாத்தேன்."

"அடிப்பாவி!" என்றாள் ஓய்லி. "போட்டோவுக்காகப் பொய்ப் பட்டையா? அறைச் சாவியை வெச்சிட்டுக் கிளம்பு. இனிமே தறிப் பக்கம் வராதே."

யோன்னா சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீட்டுப் பாடுகளுக்கு நடுவே அவளுக்கென்று இருந்த ஒரே பொழுது இந்தத் தறிதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"குப்பையிலேருந்துதான்," என்றாள். "நாம இந்தப் பட்டையைப் பத்திப் பேசின மறுநாள்லேருந்து தொட்டி நிறைய ஆரம்பிச்சுது. எல்லாம் இந்த வருஷத்துத் துணி. சிலதுல விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கல. யாரும் கேட்கறதுக்கு முன்னால தள்ளிவிட்டுட்டாங்க போல."

யோன்னா குனிந்து மூட்டையின் வாயைப் பிடித்தாள்.

"குப்பையில போட்டா வத்தின ஆறு திரும்பி வருமா? யார் பேர்லயாவது தொங்கணும் இல்ல? என் பேர்லயே இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

முடிச்சுகளை அவிழ்த்து, மூட்டைகளை மேசைமேல் கவிழ்த்தாள். பிறகு தறிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாவு நூலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

பக்கத்து அறையில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

குவியலின் மேலேயே கிடந்தது ஊதா நிற மேல்சட்டை. தள்ளுபடியில் வாங்கியது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதே பிடிக்கவில்லை. பைக்குள் பை போட்டுக் கட்டி, தொட்டியின் அடியில் செருகியது கெர்த்துவுக்கு நன்றாக நினைவிருந்தது.

கை நீட்டி அதை எடுத்து, தன் மூன்றின்மேல் வைத்தாள். அப்புறம் கீழேயிருந்து இன்னும் ஆறு.

ராய்மோ செருமினார். "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னான், படுபாவி. எனக்கு இருக்கறது ஒரு உடம்புதானே, அதை யோசிச்சேனா?" மீன்பிடிச் சட்டைகள் மூன்றும், இன்னும் இரண்டும் அவர் பக்கம் போயின.

கடைசியாக ஓய்லி மேசைக்கு வந்தாள். அவள் எடுத்து முடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பதினான்கு. இஸ்திரி போட்டது அடியில் மறைந்துபோனது.

யோன்னா ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராய்மோ சாவியை எடுத்துப் போய் அவள் பக்கத்தில், தறியின் விளிம்பில் வைத்தார்.

கெர்த்து மேசையில் இருந்த மிச்சத்தை எண்ணினாள். யோன்னா தன் மகளுக்கு இந்த வருஷம் வாங்கி, அதற்குள் குட்டையாகிப்போன கால்சட்டை. முழங்காலில் ஒட்டுப் போட்டது.

ஒன்று.