பெண் பார்க்கப் போன மீட்டர்

பெண் பார்க்கப் போனால் தங்கபுஷ்பம் தன் மைட்டோகாண்ட்ரியா மீட்டரைத் தானே கொண்டுபோவாள். பெண் வீட்டு மீட்டரில் பச்சை எரிந்தாலும் நம்பமாட்டாள். விருதுநகர் வியாபாரக் குடும்பத்தில் அடுத்தவர் தராசை யாரும் நம்புவதில்லை.

அன்று பார்க்கப் போன பெண் ஜெயகனி காபி கொடுத்ததும் மீட்டர் வெளியே வந்தது.

“விரலை வை தாயி. இதயத்துக்குத் தெம்பு குடுக்குற மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வரும். நாளைக்கு என் பேரனுக்கு மாடி ஏறுனா மூச்சு வாங்கக் கூடாது பாரு.”

பச்சை எரிந்தது. தங்கபுஷ்பம் மீட்டரை முந்தானையால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னாள். அப்போதும் பச்சைதான்.

“இப்ப நீங்க வைங்க அத்தை,” என்றாள் ஜெயகனி. “உங்க மகனுக்கும் உங்க சரக்குதானே வந்திருக்கும். எனக்கும் தெரியணும்ல.”

“பேட்டரி தீந்துருச்சு,” என்று மீட்டரைப் பைக்குள் போட்டாள் தங்கபுஷ்பம்.

பக்கத்தில் இருந்த மகன் சாம்ராஜ் சிரித்தான். “காலையிலதான் சார்ஜ் போட்டேன்மா. குடு, நானே வைக்கிறேன்.”

எத்தனையோ வீட்டுப் பெண்களைச் சோதித்த மீட்டர் அது. வீட்டில் சும்மா கிடந்தபோதுகூட, மகன் விரலில் வைத்துப் பார்க்க அவள் துணிந்ததில்லை.

மகன் நீட்டிய கை அப்படியே இருந்தது. சாம்ராஜின் சிரிப்பு மெல்ல அடங்கியது. தங்கபுஷ்பம் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.