தீர்த்தம் பட்ட சோளம்

“செபஸ்தியாருக்கு வந்த சோளம்! ஆர் கேக்கிறியள்?” என்று ஏலம் கூறிய அருட்பிரகாசம் சாக்கைத் தூக்கிக் காட்டினார்.

அருளப்பு முதல் ஆளாகக் கையை உயர்த்தினார்.

அது அவர் கொடுத்த சாக்குத்தான். விடியும் முன்பே, ஒருவரும் பார்க்காத நேரத்தில், கோயில் வாசலில் மற்றக் காணிக்கைகளோடு வைத்துவிட்டு வந்திருந்தார். பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் அது ஒன்றும் தெரியாத பிள்ளை போல இருந்தது.

திருநாள் ஏலத்தில், கொடுத்தவரே திரும்ப வாங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அருளப்பு அதையும் யோசித்து வைத்திருந்தார்.

விசயம் இதுதான்.

சண்டை முடிந்து விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு வீடு கோழிக்குஞ்சுகளும் ஒரு சாக்குச் சோளமும் நிவாரணமாகக் கொடுத்தார்கள். குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டன. மாரி வந்தது. தகரக் கொட்டில் ஒழுகியது. சோளத்தில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சணம் ஏறியது.

அருளப்பு அதைக் கழுவி, உதறி, வெயிலில் காயவைத்து, கோழிகளுக்கே போட்டார்.

இரண்டு கோழிகள் செத்துப்போயின. சிவப்புக் கோழி காலை இழுத்து இழுத்து நடந்தது.

மிருக வைத்தியர் வந்து சாக்குக்குள் மூக்கை விட்டார். விட்ட வேகத்திலேயே எடுத்தார். பூஞ்சணம் நஞ்சைக் கக்கியிருக்கிறது, கழுவினாலும் போகாது, காயவைத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது என்றார். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டை வழியாக வீட்டுக்குள்ளும் வரலாம், இன்றைக்கே ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருளப்புவின் மனைவி அன்ரோனெற், மகள் கிருஷிகாவின் காலை முட்டையை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

“பூவரசுக்குக் கீழ புதைச்சிட்டன்” என்று அன்று பின்னேரமே அருளப்பு மனைவியிடம் சொன்னார்.

புதைக்கவில்லை.

அவரால் முடியவில்லை. முகாமில் வண்டு அரித்த அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்ற மனிதர். ஒரு சாக்குத் தீனை மண்ணுக்குக் கொடுக்க அவருக்கு உயிர் போனது. கடற்கரை வாடியில் பழைய வலைக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, நாள் முழுக்க யோசித்தார்.

தண்ணீரில் கழுவினால் போகாது என்றுதான் வைத்தியர் சொன்னார். தீர்த்தத்தைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

கொள்ளைநோயையே துரத்திய செபஸ்தியாருக்குப் பூஞ்சணம் எம்மாத்திரம்?

சாக்கைக் காணிக்கையாக வைப்பது. பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிப்பார். பிறகு ஏலத்தில் சல்லிக்காசுக்குத் திரும்ப எடுப்பது. இதுதான் அருளப்புவின் திட்டம். இன்று சுவாமி தாராளமாகவே தெளித்தார். சாக்கில் இரண்டு துளி விழுந்ததை அருளப்பு கண்ணாலே கண்டார்.

ஆனால், பேசாலையிலிருந்து வந்திருந்த கருவாட்டு முதலாளி தோமஸும் கையை உயர்த்தினார்.

அருளப்பு விலையைக் கூட்டிக் கேட்டார். தோமஸ் இன்னும் கூட்டினார். அருளப்புவுக்கு வேர்த்தது. கடையில் புதுச் சோளம் விற்கும் விலையை இருவரும் எப்போதோ தாண்டிவிட்டார்கள். தோமஸ் சாக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. எதிராளியைப் பார்த்துத்தான் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கடைசியில் தோமஸ் சலித்துப்போய்க் கையைக் கீழே போட்டார்.

“மூண்டுதரம்!”

அருளப்புவின் சட்டைப்பை துடைத்து வைத்தது போல ஆகிவிட்டது. சாக்கைக் கட்டி அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து நனைந்த செருப்பு வாடை வந்தது. செபஸ்தியாருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அருட்பிரகாசம் மூடியிருந்த ஓலைக்கூடை ஒன்றை இழுத்துத் திறந்தார். “அடுத்தது கோழி! எல்லாம் முட்டைக்கோழி!”

கூடைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோழி காலை இழுத்து இழுத்துத் திரும்பி, அருளப்புவை நேராகப் பார்த்தது.

அவருடைய கோழி. அதற்குப் பின்னால் நின்றவையும் அவருடைய கோழிகள்தான்.

தோமஸின் கை மறுபடியும் உயர்ந்தது.

“ஒருதரம்!”

அருளப்பு சட்டைப்பையைத் தடவினார். வெறும் துணிதான் இருந்தது. தீன் கையில் இருக்கிறது, அதைத் தின்ன ஒரு கோழி இல்லை என்று நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்ரோனெற் மெதுவாக வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். சேலைத் தலைப்பில் காசு முடிச்சு இருந்தது.

“நான்தான் காலமை கோழியளைக் கொண்டுவந்து குடுத்தனான். உந்தச் சாக்கிட்டயிருந்து அதுகளைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியேல்லை. சாக்கு எங்க எண்டு கேட்டால் நீங்கள் வேற இடத்தில ஒளிப்பியள். கோழி திரும்ப வேணுமெண்டால் இப்பவே போய்ப் புதையுங்கோ, நான் கேட்டு எடுக்கிறன்.”

“ரெண்டுதரம்!”

அருளப்பு கடைசியாக ஒரு சாக்குப்போக்கைப் பிடித்தார். “இப்பவே எண்டால் எப்பிடியப்பா? முதல்ல கிடங்கு வெட்டோணுமே!”

“பூவரசுக்குக் கீழ கிடங்கு இருக்கு” என்றாள் அன்ரோனெற். “புதைச்சிட்டன் எண்டு சொன்னீங்கள்தானே, நேற்று ஒருக்காத் தோண்டிப் பாத்தனான்.”

அருளப்பு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

அன்ரோனெற் கையை உயர்த்தினாள்.