மூன்று எண்ணிக்கை

"ஜோக்கைச் சொல்லிட்டு மனசுக்குள்ள மூணு எண்ணுங்க சார். சிரிப்பு தானா வரும்" என்றாள் ரெஜினா. தூக்கம் தொலைத்த முன்னாள் ராணுவத்தினருக்கு, மேடையேறிச் சிரிக்கவைக்க அவள் கற்றுக்கொடுத்தாள். ஓர் இரவாவது முழுதாகத் தூங்க வேண்டும் என்றுதான் சுபேதார் ஏகாம்பரம் வந்திருந்தார். பட்டாளத்துச் சப்பாத்தியைப் பற்றிச் சொல்லி முடித்து, எண்ணினார். மூன்றில் குப்புற விழுந்து காதுகளைப் பொத்திக்கொண்டார். கையெறிகுண்டை வீசிவிட்டு இருபது வருடம் எண்ணிய பழக்கம்.

ரெஜினா கைதட்டிச் சிரித்தாள். "சூப்பர் சார்! ஒவ்வொரு ஷோவுலயும் இப்படியே விழுங்க."

ஏகாம்பரம் எழவில்லை. பட்டாளத்தில் அவருக்குக் கீழே பணிபுரிந்து, இப்போது அதே வகுப்புக்கு வந்திருந்த சம்பந்தம் சிரிக்காமல் வந்து குனிந்தார்.

"வெடிக்கல சாப். எந்திரிங்க."

"வெடிக்கலன்னா அரை மணி நேரம் யாரும் கிட்ட வரக் கூடாதுடா. மறந்துட்டியா?"

சம்பந்தம் அவர் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார்.