ஒரே வாக்கியக் கடிதம்

ஓய்வுபெற்ற குமாஸ்தா நல்லசிவத்தின் டைப்ரைட்டரில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அடுத்தடுத்த விசைகள். தமிழ் படிக்கத் தெரியாத பேத்திக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதும் கடிதம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நீண்ட வாக்கியம். தட்டித் தட்டிக் காற்புள்ளியின் முகம் தேய்ந்துவிட்டது. பதில் மட்டும் வருவதில்லை.

"என்ன அண்ணே, இன்னைக்கும் லீவா?" என்று காற்புள்ளி முற்றுப்புள்ளியைச் சீண்டும்.

"கடைசியில கூப்பிடுவாரு."

"ஒரே ஒரு தடவை! அவர் நிறுத்திட்டா இந்த வீட்ல வேற சத்தம் ஏது?"

ஒருநாள் பேத்தியின் கடிதம் வந்தது. நல்லசிவம் அதை வாய்விட்டுப் படித்தார். "தாத்தா, உங்கள் கடிதத்தை என்னால் பாதிகூடத் தாண்ட முடியவில்லை. என்னதான் சொல்ல வருகிறீர்கள்?"

புதுத் தாளைச் செருகினார். பிறகு மெதுவாகத் தட்டினார்.

'இங்கே நான் தனியாக இருக்கிறேன்.' முற்றுப்புள்ளி திடுக்கிட்டு எழுந்து தாளில் விழுந்தது. 'உன்னைப் பார்க்க வேண்டும்.' மறுபடியும் விழுந்தது. 'வா.'

காற்புள்ளியை அவர் தொடவே இல்லை. தாளை உருவி மடித்துத் தபாலில் சேர்க்கக் கிளம்பினார். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பிறகு வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றது காற்புள்ளி.

"இவ்வளவுதான்."

"இனிமே என்ன அண்ணே?"

"இனிமே அவதான் பேசணும்," என்றது முற்றுப்புள்ளி.